ஒற்றைக் கையெழுத்துத் தீர்மானங்கள்

ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவும் இரண்டு பகுதியாக இருக்கும். மேலே பொருள், கீழே தீர்மானம். தலைவர் பொருளை மன்றத்தின் முன் வைப்பார். வார்டு உறுப்பினர்கள் பேசுவார்கள், அல்லது சண்டை போடுவார்கள். அதற்குப் பிறகு தீர்மானம் எழுதப்படும். 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாக இந்த எல்லா வேலையையும் நான் ஒருவனே செய்தேன். அப்போது நான் வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிகள் பிரிவு. தேர்தல் நடக்காததால் எங்கள் ஒன்றியத்தின் நாற்பது சொச்சம் ஊராட்சிகளுக்கும் நானே தனி அலுவலர். பழுதான மோட்டாரை மாற்ற வேண்டும் என்று பொருளை வைப்பதும் நான், பரிசீலிக்கும் மன்றமும் நான், அனுமதிப்பதும் நான். ஓர் ஊராட்சிச் செயலர் பழைய பழக்கத்தில், 'மன்றம் விரிவாக விவாதித்து ஏகமனதாக அனுமதிக்கிறது' என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"ஓட்டே போடாம உங்கள ஜெயிக்க வச்சிட்டோம் சார்" என்று ஒரு சம்சாரி அந்த நாட்களில் என்னிடம் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார்.

நம் அரசியல் சாசனம் நூறு தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. அதில் என் பிழைப்போடு நேராக ஒட்டியது ஊராட்சிகளைப் பற்றிய 73ஆவது திருத்தம். அதை ஒன்றிய அலுவலக மேசையிலிருந்து முப்பது வருடம் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. அந்தத் திருத்தத்தில் கட்டாயம் என்று எழுதப்பட்டவை, தட்டுத்தடுமாறியேனும், ஊருக்கு வந்து சேர்ந்தன. மாநில அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டவை சென்னையைத் தாண்டவில்லை.

1988இல் மதுரைச் சீமையில் ஓர் ஒன்றியத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கூட்ட அறைச் சுவரில் ஒன்றியத் தலைவர்களின் பெயர்ப் பலகை ஒன்று தொங்கும். 1970இல் பதவிக்கு வந்தவர் பெயருக்குக் கீழே அடுத்த வரி 1986. நடுவில் ஏறத்தாழ பதினாறு வருடம் தேர்தலே நடக்கவில்லை. யாரும் அதைப் பெரிய குற்றமாகப் பேசியதாக நினைவில்லை. 1958ஆம் வருட ஊராட்சிச் சட்டத்தின்கீழ் தேர்தல் வைப்பது அரசின் கையில் இருந்தது. அரசுக்குத் தோன்றினால் வைக்கும். 1986இல் வந்தவர்களின் காலம் 1991இல் முடிந்தது. மறுபடியும் ஐந்து வருடம் அதிகாரிகள்தான் நாற்காலியில்.

இந்தப் பின்னணி இல்லாமல் 73ஆவது திருத்தத்தின் அருமை புரியாது. அரசியல் நிர்ணய சபையில் ஊராட்சி பற்றிய பேச்சு வந்தபோது அம்பேத்கர் கிராமத்தை நம்பவில்லை. 1948 நவம்பர் மாத உரையில் கிராமத்தை அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடமாகவே அவர் வர்ணித்தார். காந்தியவாதிகளுக்குக் கோபம். கடைசியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொள்ள, ஊராட்சி 40ஆவது பிரிவாக உள்ளே வந்தது. வந்த இடம் வழிகாட்டும் கோட்பாடுகள். நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத பகுதி. பல்வந்த்ராய் மேத்தா, அசோக் மேத்தா, சிங்வி என்று குழுக்கள் வந்து அறிக்கை தந்தன. ராஜீவ் காந்தி 1989இல் கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. நரசிம்ம ராவ் காலத்தில் வந்த 73ஆவது திருத்தம் 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்தது.

ஒரு வருடத்துக்குள் மாநிலங்கள் தங்கள் சட்டத்தை இதற்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று அதிலேயே கெடு இருந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1994 ஏப்ரல் 22. கெடு முடிய இரண்டு நாள் பாக்கி! அலுவலகத்தில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. கரண்டு பில்லைக் கடைசி நாளில் கட்டுகிற புத்தி கோட்டையிலும் உண்டு என்றார் எங்கள் மேலாளர். அதன் பிறகும் தேர்தல் 1996 அக்டோபரில்தான் வந்தது.

திருத்தம் கட்டாயமாக்கியவை சிலவே. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். அதை நடத்தத் தனியாக மாநிலத் தேர்தல் ஆணையம். ஊருக்கு ஊர் கிராம சபை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஐந்து வருடத்துக்கு ஒரு மாநில நிதிக்குழு. இவற்றில் ஊரை உலுக்கியது இட ஒதுக்கீடு. அம்பேத்கர் பயந்தது எவ்வளவு சரி என்பதும் அதிலேயே தெரிந்தது.

மேலூர் பக்கத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்களின் வீடுகள் எரிந்தன, தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப்பெட்டி பறிபோனது. போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30இல் மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். நான் அப்போது பக்கத்து ஒன்றியம் ஒன்றில் இருந்தேன். அன்றைக்கு மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தலித் தலைவர்கள் யாரும் தனியாக வரவில்லை. பதவி விலகல் கடிதத்துக்கு மாதிரி வடிவம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருந்தது. எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை, "யோசிச்சு நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். அவர் வரவில்லை. தலைவராகவே ஐந்து வருடமும் முடித்தார்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே மனுவே தாக்கலாகாது. அல்லது ஊரே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் வாங்கிவிடும். தேர்தல் ஆணையம் அறிவிப்பதும் ஊர் அதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதுமாகப் பத்து வருடம் ஓடியது. 2006 அக்டோபரில் நான்கு ஊரிலும் ஒழுங்காகத் தேர்தல் நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள். அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசியதை எங்கள் துறையில் இன்றும் சொல்வார்கள். அந்தத் தலைவர்களுக்குச் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடந்தது.

இதில் நான் கவனிக்கும் விஷயம் வேறு. பத்து வருடத்தில் எத்தனையோ பேர், "பேசாமல் அந்த நான்கு ஊரையும் பொதுத் தொகுதி ஆக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்றார்கள். நல்லவர்களும் சொன்னார்கள். அது முடியாது என்பதற்கு இருந்த முக்கியமான தடை, ஒதுக்கீடு அரசியல் சாசனத்திலேயே ஏறியிருந்தது என்பதுதான். மாநிலச் சட்டத்தில் மட்டும் இருந்திருந்தால் ஓர் அரசாணை போதுமாக இருந்திருக்கும்.

ஊராட்சி பற்றிய எந்தப் பயிற்சி வகுப்பும் உத்திரமேரூர் கல்வெட்டில்தான் தொடங்கும். முதலாம் பராந்தகன் காலம், குடவோலை முறை, உலகுக்கே முன்னோடி. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கல்வெட்டின்படி குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும். முருகேசனின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. எங்கள் பெண் தலைவர்களின் பெயரும்தான். வகுப்பு எடுக்கும் முறை எனக்கு வந்தபோது உத்திரமேரூரை விட்டுவிட்டு நேராக 243ஆவது பிரிவுக்கு வந்துவிடுவேன்.

பெண் தலைவர்கள் என்றதும் எல்லோரும் 'தலைவர் வீட்டுக்காரர்' கதையைத்தான் எடுப்பார்கள். பொய்யில்லை. 1996இல் முதல் கூட்டத்துக்கு வந்த பெண் தலைவர்களில் பலரின் கணவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், அந்த அம்மாக்கள் சுவரோரம் நின்றார்கள். பெயர்ப்பலகை மனைவிக்கு, நாற்காலி கணவருக்கு. பிற்காலத்தில் பணம் கம்ப்யூட்டர் வழியாகப் போகத் தொடங்கியபோது தலைவரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள டாங்கிளைச் செயலர் தன் டிராயரில் வைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். ஆண் தலைவர்களின் டாங்கிளும் அதே டிராயரில் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மறக்காதவர் ஒரு தலித் பெண் தலைவர். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒதுக்கீட்டில் தலைவர் பதவி போன ஊர்களில் பெரிய வீட்டு ஆட்கள் துணைத் தலைவர் பதவியில் வந்து உட்கார்ந்துகொண்டதற்கு இந்த இரண்டாவது கையெழுத்தே காரணம். 'செக் பவர்' என்பார்கள். இந்த அம்மாவின் துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் போகவில்லை, தெருவிளக்குக்கு பல்பு வாங்கவில்லை. கணவர் வந்து பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு அந்த அம்மாவே வந்தார்.

"சார், செக்குல எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவரப் போட வைக்க உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மாற்று ஏற்பாட்டுக்கு ஆட்சியர் உத்தரவு வேண்டும், குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு போன வேகம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்குள் ஆகஸ்ட் 15 வந்தது. கிராம சபையில் அந்த அம்மா எழுந்து, பாக்கி இருக்கும் பில்களை ஒவ்வொன்றாக, யாருக்கு எவ்வளவு என்று வாசித்தார். பைப் ரிப்பேர் செய்த கொத்தனார், பல்பு கொடுத்த கடைக்காரர், வாய்க்கால் தூர்வாரிய ஆட்கள். கடைக்காரர் துணைத் தலைவரின் பங்காளி. வாசித்து முடிப்பதற்குள் கூட்டம் துணைத் தலைவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அடுத்த வாரம் காசோலைகள் கையெழுத்தாகி வந்தன. மேலே போன கோப்பு அப்போதும் திரும்பவில்லை.

2001இல் அவர் மறுபடி நின்று ஜெயித்தார். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சுழற்சியைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்ததில் எனக்கு முழு உடன்பாடு. ஐந்து வருடத்தில் மாற்றிவிட்டால், படிவம் எது, பதிவேடு எது, ஓவர்சீயர் எங்கே ஏமாற்றுவார் என்று ஒரு பெண் கற்றுக்கொள்ளும்போது அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டாவது முறை வந்த பெண் தலைவர்களுடன் கணவர்கள் அலுவலகம் வருவது அநேகமாக நின்றுபோனது. 2016இல் பெண்கள் பங்கைப் பாதியாக உயர்த்தியபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. 1996இல் சிரித்த அலுவலகம் அது.

கிராம சபை என் தொழிலின் இன்னொரு பாதி. ஒன்றியத்திலிருந்து கூட்டத்துக்கு அனுப்பப்படும் அலுவலருக்குப் பற்றாளர் என்று பெயர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று நான்கு கூட்டம். பிறகு தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அரசு ஊழியர்கள் விடுமுறை கொண்டாடும் நாட்களில் எங்களுக்கு வேலை. குறைவெண் வரம்பு உண்டு: ஐந்நூறு பேர் வரையுள்ள ஊருக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஆள் வராத ஊரில் செயலர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார். ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருபது கையெழுத்து இருந்தால் வீடு வீடாகக்கூடப் போகவில்லை என்று அர்த்தம். நூறு நாள் வேலை வந்த பிறகு அந்தக் கவலை குறைந்தது. வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களைத் திரட்டிக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள்.

பற்றாளருக்குச் சட்டம் எதுவும் சொல்லித் தராத ஒரு பாடம் உண்டு: கூட்டம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பார். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனி ஆட்கள் படியேற மாட்டார்கள், ரோட்டோரம் நிற்பார்கள், நோட்டு அவர்களிடம் போகும், பேச்சு போகாது. தலைவர் வீட்டு முன்னால் வைத்தால் எதிர்க்கட்சிக்காரர் வரமாட்டார். குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் போக வேண்டும் என்ற அறிவுரை உண்டு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் காலனிச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டமாவது வைத்துவிடுவேன். அங்கே வராத ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் எந்தத் தெருவுக்கு வால்வு எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது என்ற உண்மை காலனியில்தான் வெளியே வரும். ஊராட்சி அரசியலின் பாதி அந்த வால்வில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திறந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கும். ஒன்பதுக்குத் திறந்தால் வீட்டில் ஆள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். டேங்க் ஆபரேட்டரை நியமிப்பதில் அவ்வளவு போட்டி ஏன் என்று புதிதாக வரும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்லித்தான் விளக்குவேன்.

வால்வு நேரத்தை கிராம சபை மாற்றும். அதற்கு மேல்?

மேல் என்றால் கஷ்டம். அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. விவசாயம், சிறுபாசனம், ஆரம்பக் கல்வி, சுகாதாரம், நூலகம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இவற்றை ஊராட்சிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலச் சட்டமன்றத்தின் இஷ்டம். தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதற்குப் பள்ளிக்கூடப் போர்டு ஒன்று போதும். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் இன்றும் எழுதியிருக்கும். ஆசிரியர்கள் 1981லேயே அரசு ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். ஒன்றியத்துக்கு மிஞ்சியது ஓடு மாற்றுவதும் கழிப்பறை கட்டுவதும். திருத்தம் வந்த பிறகும் பள்ளி திரும்பி வரவில்லை. வாத்தியார் வராத குறையை கிராம சபையில் தீர்மானமாகப் போடுவார்கள். நான் அதைக் கல்வித் துறைக்கு 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்புவேன்.

மதுக்கடையை மூடச் சொல்லும் தீர்மானங்களையும் அப்படியே அனுப்பினேன். என் பணிக்காலத்தில் அதிகம் எழுதப்பட்ட தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும். பெண்கள் கூட்டமாக வந்து, ஒரு வரி விடாமல் எழுதச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, பிறகு போவார்கள். மேலிடத்துப் பதில், வந்தால், 'பரிசீலனையில் உள்ளது'. இதே நாட்டில் 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, வேதாந்தா நிறுவனத்துக்குப் பாக்சைட் எடுக்க இடம் கொடுக்க மறுத்தன, சுரங்கம் நின்றது. அந்த மக்கள் எங்கள் பெண்களைவிட உரக்கப் பேசினார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் கையில் வன உரிமைச் சட்டம் இருந்தது, கிராம சபையின் முடிவைக் கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்கள் பெண்கள் கையில் ஒரு நோட்டுதான் இருந்தது.

பணமும் அப்படித்தான். நிதிக்குழு அமைப்பது கட்டாயம், அதனால் குழு அமைகிறது. குழு சொல்வதை ஏற்பது அரசின் விருப்பம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது தமிழ்நாட்டுக் கணக்கு, அதுவும் நகரம் கிராமம் எல்லாம் சேர்த்து. பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிக்குப் போனது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த எங்கள் தலைவர்கள் திரும்பும் வழியெல்லாம் அதையே பேசினார்கள். அங்கே பஞ்சாயத்துத் தலைவருக்கு டாக்டர் பதில் சொல்கிறார் என்பது அவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு. தலைவர் மீது புகார் வந்தால் மாவட்ட ஆட்சியர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற ஹோதாவில், விளக்கம் கேட்பார். வட்டாட்சியர் மன்ற உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார். ஆட்சியர் பதவி நீக்க உத்தரவு போடலாம். இந்தக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பல புகார்கள் உண்மை. பணம் தின்ற தலைவர்களை எனக்குப் பெயரோடு தெரியும். ஆனாலும் மூவாயிரம் பேர் ஓட்டுப் போட்டு அனுப்பியவரை, தேர்வு எழுதி வந்த ஓர் அதிகாரியின் கையெழுத்து வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பது எந்த வகை மக்களாட்சி என்று அந்தக் கோப்பைக் கட்டும்போதெல்லாம் தோன்றும். சட்டமன்ற உறுப்பினரை ஆட்சியர் நீக்க முடியுமா? கேட்டாலே சிரிப்பார்கள். தலைவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு வரும்போது அவர்கள் குரல் தணிந்திருந்ததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை.

திருத்தத்திலேயே மிகக் கறாராக எழுதப்பட்டது தேர்தல் கெடு. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. பதினாறு வருட இடைவெளியைப் பெயர்ப்பலகையில் பார்த்தவனுக்கு அது சின்ன அதிசயம். 2016இல் தேதியெல்லாம் அறிவித்து, வேட்புமனுக்களும் வாங்கிய நிலையில், அறிவிக்கையில் குறை இருப்பதாகச் சொல்லி அக்டோபர் 4இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதத்தில் தேர்தல் வைத்திருக்கலாம். தொகுதி மறுவரையறை, புதிய மாவட்டங்கள், வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. மிச்சம் ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது.

அந்த இடைக்காலத்தில்தான் நான் மன்றமாக இருந்தேன். நிர்வாகம் கெட்டுப்போகவில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். கோப்பைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. தணிக்கைத் தடை குறைந்தது. டெண்டரில் தகராறு இல்லை. ஆனால் தலைவர் இருக்கும் ஊரில் மோட்டார் எரிந்தால் காலை ஆறு மணிக்கே அவர் வாசலில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். அவர் பல் துலக்குவதற்குள் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போயிருக்கும். என் வாசலில் யாரும் குடம் வைக்க முடியாது. என் வீடு பக்கத்து டவுனில். பஸ் பிடித்து, அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு வந்து, நான் ஆட்சியர் கூட்டத்துக்குப் போயிருந்தால் திரும்பிப் போய், மறுநாள் வர வேண்டும். ஊரின் நல்லது கெட்டதில் தலைவர் தலைகாட்டியாக வேண்டும், கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும், எழவு வீட்டில் உட்கார வேண்டும். அங்கேயே நான்கு பேர் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். என்னிடம் கேட்க வேண்டுமானால் மனு எழுத வேண்டும்.

2019 தேர்தலில் வாக்குச் சீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எண்ணிக்கை விடிய விடிய நடந்து மறுநாளும் நீண்டது. ஒரு வார்டில் இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு விழுந்து குலுக்கல் போட்டோம். தோற்றவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஜெயித்தவரும் பக்கத்தில் நின்று அழுதார். ஒரு வார்டு உறுப்பினர் பதவியில் சம்பாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த அழுகை புரியாது.

பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, சட்டத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் சொன்னவை கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. மறுவரையறையையும் ஒதுக்கீட்டுச் சுழற்சியையும் பதவிக்காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே முடித்து வெளியிட வேண்டும், அதற்குப் பிறகு கை வைக்கக் கூடாது என்றேன். தனி அலுவலர் ஆட்சி ஆறு மாதத்தைத் தாண்டினால் அதற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும் என்றேன். என்ன விளைவு என்று கேட்டார்கள். பழைய மன்றமே தொடரலாம் என்றார் ஒருவர். அப்படி வைத்தால் தேர்தலைத் தள்ளிப்போட பழைய தலைவர்களே வழக்குப் போடுவார்கள், எனக்கு அவர்களைத் தெரியும் என்றேன். மாநில அரசின் கையைக் கடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். ஊராட்சிகளின் பணம் நிற்பது ஊருக்குத்தான் தண்டனை, தாமதம் செய்தவருக்கு இல்லை. 205ஆவது பிரிவைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையிலிருந்த இளம் அதிகாரிகள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

2025 ஜனவரி 5இல், 2019இல் வந்தவர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. மறுபடி தனி அலுவலர். எங்கள் ஊரிலும் வட்டார வளர்ச்சி அலுவலரே மன்றம் ஆனார். கிராம சபை மட்டும் நிற்காமல் நடக்கிறது. நான் இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் இல்லாமல் கீழே ஜமுக்காளத்தில் உட்காருகிறேன். போன கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை பிளெக்ஸில் அடித்து மரத்தில் கட்டியிருந்தார்கள். வாசித்துக் காட்டச் சொன்னேன். பற்றாளராக வந்த பையன் வாசித்தான். தெருவிளக்குச் செலவு வந்த இடத்தில், பின்னால் இருந்த ஒரு பெண் நிறுத்தி, ஒரு பல்பு என்ன விலை, எத்தனை பல்பு வாங்கினீர்கள், எங்கள் தெருவில் எத்தனை எரிகிறது என்று மூன்று கேள்வி கேட்டார். அவர் முன்னாள் வார்டு உறுப்பினர், 2019இல் வந்தவர். பையன் செயலரைப் பார்த்தான், செயலர் நோட்டைப் பார்த்தார். பில்லோடும் தெருவாரியான கணக்கோடும் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கவும் வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா உட்கார்ந்தார்.